கட்டம் போடுவதற்கு முன்னால்

வலைத்தள வடிவமைப்புக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் புகார் ஒன்றுதான். "கிளையன்ட் கையைக் கட்டிப்போட்டுவிட்டு வரையச் சொல்கிறார் அண்ணா." நாள் குறைவு. பணம் குறைவு. தீம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. போட்டோ கிடையாது. முதலாளிக்கு முகப்பில் ஓடும் படம் வேண்டும். இவையெல்லாம் நீங்கிய ஒரு நல்ல நாளில் நல்ல வடிவமைப்பு செய்துவிடலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு நாள் வராது. வயர்ஃப்ரேம் என்ற வேலை இருப்பதே இந்தக் கட்டுப்பாடுகளுக்காகத்தான். எது அசையாது, எது அசையும் என்று எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசி முடிவெடுக்க இதைவிட மலிவான இடம் கிடையாது. இங்கே ஒரு கட்டத்தை அழிக்க ஒரு ரப்பர் போதும். டெவலப்பர் கோடு எழுதிய பிறகு அதே கட்டத்தை நகர்த்த ஒரு வாரக் கூலி போகும்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்குத் தளம் வடிவமைத்த வேலையை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். நெருக்கடி என்று எதையெல்லாம் சொல்வார்களோ அத்தனையும் அதில் இருந்தது.

1. முதல் சந்திப்பில் வரையாதீர்கள், எழுதுங்கள்.

நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, கிளையன்ட் சொல்லும் ஒவ்வொரு நிபந்தனையையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எதிரே, அது எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்திலிருந்தா, தொழில்நுட்பத்திலிருந்தா, பணத்திலிருந்தா, ஆசையிலிருந்தா? எல்லாமே "கட்டாயம் வேணும்" என்ற ஒரே குரலில்தான் வரும். பிரித்துப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

சட்டம் சொல்வதில் பேரம் கிடையாது. அரசுத் துறையின் தளம் என்றால் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. 2009ல் முதலில் வந்தவை, 2023ல் மூன்றாம் பதிப்பு கண்டன. தனியார் தளமானாலும், பெயரும் போன் நம்பரும் வாங்கும் படிவம் ஒன்று இருந்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கும் வரிக்கு இடம் விட வேண்டும். தளத்தில் பணம் வாங்கப் போகிறார்கள் என்றால் பேமென்ட் கேட்வே நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும் விதிமுறை, தனியுரிமைக் கொள்கை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் கணக்கைத் திறந்துவிடும். கடைசி நாளில் இந்தப் பக்கங்களுக்கு இடம் தேடி அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழில்நுட்ப நிபந்தனையை டெவலப்பரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பண நிபந்தனையைக் கேள்வி கேட்காமல் நம்புங்கள். ஆசைக்கு மட்டும்தான் வரைந்து காட்டிப் பேச வேண்டியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

2. முடிவு சொல்லப்போகிறவர் யார் என்று கேட்டுவிடுங்கள்.

குடும்பத் தொழிலில் மீட்டிங்குக்கு வருபவர் மேனேஜர். மெயில் அனுப்புபவர் படித்துவிட்டு வந்திருக்கும் மகன். கடைசியில் தலையாட்ட வேண்டியவர் அப்பா. அவர் ஒரு தடவைகூட உங்கள் தாளைப் பார்த்திருக்க மாட்டார். "முதல் வரைவை ஐயா பத்து நிமிடம் பார்த்தால் போதும்" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத வேலையில் நீங்கள் எவ்வளவு திறமையாக வரைந்தாலும் இரண்டு முறை வரைவீர்கள்.

3. வந்து பார்க்கப் போகிறவரின் வாயிலிருந்து வரும் சொற்களைத் தேடிப் போங்கள்.

இந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றிலும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பம்ப் கம்பெனி கொடுத்த கேட்லாக்கில் எல்லாம் மாடல் நம்பர் வாரியாக இருந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை ஹெச்.பி., ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) எத்தனை மீட்டர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணை. மகன் கேட்டது ஒரு தேடல் பெட்டி. மாடல் நம்பரை அடித்தால் பம்ப் வர வேண்டும். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. சர்வீஸ் பிரிவில் நெடுநாளாக இருக்கும் ஃபோர்மேனிடம் அதைக் காட்டினேன். அவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "ஏனுங்க, தோட்டத்துக்காரரு மாடல் நம்பரா கேட்பாரு? போர் எத்தனை இஞ்ச், தண்ணி எத்தனை அடியில நிக்குது, லைன் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, இதத்தானுங்க சொல்லுவாரு."

அவர் சொன்ன மூன்று கேள்விகளும்தான் அந்தத் தளத்தின் முகப்பு. ஆனால் அதை வரைவதற்குள் இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. கேட்லாக்கில் ஹெட் மீட்டரில் இருக்கிறது. தோட்டத்தில் ஆழத்தை அடியில் சொல்கிறார்கள். 600 அடி என்பது கிட்டத்தட்ட 183 மீட்டர். அதோடு, போர் போட்ட ஆழமும் பம்ப் தூக்க வேண்டிய உயரமும் ஒன்றல்ல. ஆயிரம் அடி போரில் தண்ணீர் அறுநூறு அடியில் நிற்கலாம். மேலே தொட்டி முப்பது அடி உயரத்தில் இருக்கலாம். குழாயில் உராய்வால் இழப்பதையும் கூட்ட வேண்டும். ஆகவே "ஆழம்" என்று ஒரே ஒரு கட்டம் போட்டிருந்தால், ஒருவர் போர் ஆழத்தை அடிப்பார், இன்னொருவர் தண்ணீர் மட்டத்தை அடிப்பார். இருவரில் ஒருவருக்குத் தப்பான மோட்டாரைக் காட்டியிருப்போம். கட்டத்தின் மேல் "தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?" என்று முழு வாக்கியமாகவே எழுதினோம். அந்த ஒரு வரிதான் அந்த வேலையில் செய்த பெரிய வடிவமைப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

கோடையில் மோட்டார் எரிந்து, வயலில் பயிர் வாடிக்கொண்டிருக்க, வரப்பில் நின்றபடி ஒருவர் போனில் உங்கள் பக்கத்தைத் திறப்பார். அவரை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கட்டம் மேலே வர வேண்டும் என்பதில் குழப்பமே வராது.

4. நிபந்தனை குறுக்கே வந்தால் யோசனையை மாற்றுங்கள், நோக்கத்தை விடாதீர்கள்.

மூன்று கேள்விக்கும் விடை சொன்னால் பொருத்தமான பம்ப் தானாக வர வேண்டும் என்று வரைந்தேன். டெவலப்பர் தாளைப் பார்த்தார். வாங்கி வைத்திருக்கும் வேர்ட்பிரஸ் தீமில் அது வராது, தனியாக எழுத வேண்டும், பட்ஜெட் இடம் கொடுக்காது என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் தீமை மாற்றச் சொல்லி நான் கிளையன்டிடம் போகவில்லை. அவர் செலவழித்துவிட்ட பணம் அது.

கேள்விகளைச் சாதாரணப் பக்கங்களாகப் பிரித்தோம். முகப்பில் மூன்றே பெரிய பட்டன்கள்: திறந்த கிணறு, 4 இஞ்ச் போர், 6 இஞ்ச் போர். ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் தண்ணீர் மட்டத்தை அடிக்கணக்கில் ஏறுவரிசையில் வைத்த ஓர் அட்டவணை. பக்கத்தில் சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என்று இரண்டு நெடுவரிசைகள். அட்டவணைக்குக் கீழே, "சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று சர்வீஸ் நம்பர். புரோகிராம் எதுவும் தேவைப்படவில்லை. நெட் மெதுவாக இருக்கும் இடத்திலும் சட்டென்று திறக்கும். ஆபீஸில் இருக்கும் யாரும் அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம். முதலில் வரைந்ததைவிட இதுவே நல்ல தளம். பட்ஜெட் தாராளமாக இருந்திருந்தால் இது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

5. போன் திரையை முதலில் வரையுங்கள், அதே அளவில் வரையுங்கள்.

2010ல் ஈதன் மார்கோட் திரைக்கேற்ப மடங்கும் வலைப்பக்கங்களைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே லூக் ரோப்லெவ்ஸ்கி, போனிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே முதல் வரைவு லேப்டாப் அகலத்தில்தான் வருகிறது. காரணம் எளிது, கிளையன்ட் அறையில் பெரிய திரை மாட்டியிருக்கிறது.

ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து இரண்டு தடவை மடியுங்கள். நான்கு பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 74 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு போனின் அகலம். பென்சிலால் அந்தப் பட்டைக்குள் வரையுங்கள். ஒரு வரிசையில் ஆறு ஐகான் வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தப் பட்டையில் ஆறு வட்டம் போட்டு அவர் கட்டைவிரலை மேலே வைக்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வட்டத்தைத் தொடுவார். விவாதம் அங்கேயே தீரும். எண்ணாகவே வேண்டும் என்றால், தொடும் இடம் 44 பாயின்டாவது இருக்கட்டும் என்கிறது ஆப்பிள், 48 என்கிறது கூகுள். அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 நெறிகள் 24 பிக்சலுக்குக் கீழே போகாதே என்கின்றன. இங்கே 360 பிக்சல் அகலத் திரை சர்வ சாதாரணம். இரு பக்கமும் 16 விட்டால் உங்கள் கையில் இருப்பது 328தான்.

6. சாம்பல் நிறம் போதும்.

நிறம் வைத்தால் பேச்சு நிறத்துக்குப் போகும். லோகோ வைத்தால் அதைப் பெரிதாக்குவதற்குப் போகும். 2008ல் வந்த பால்சாமிக் மென்பொருள் எல்லாவற்றையும் கையால் கிறுக்கியதுபோலக் காட்டுவது வேண்டுமென்றே செய்தது. முடிந்துபோன வேலை மாதிரித் தெரிந்தால் பார்ப்பவர் மாற்றம் சொல்லத் தயங்குவார், அல்லது அழகை மட்டும் பேசுவார். ஃபிக்மாவில் வரைந்தாலும் ஒரே எழுத்துரு, இரண்டு சாம்பல், ஒரு கறுப்பு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. உண்மையான தமிழை உள்ளே போடுங்கள்.

லோரம் இப்சம் நிரப்பிய வரைவில் எல்லாம் அழகாக உட்காரும். அதே இடத்தில் தமிழ் வந்ததும் உடையும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பட்டன் "சமர்ப்பிக்கவும்" ஆகும். பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு பட்டன்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வர வேண்டியிருக்கும். "அனுப்பு" என்று சுருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றும். அது நல்ல தீர்வு, வயர்ஃப்ரேம் கட்டத்திலேயே அது தோன்ற வேண்டும். மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரத்தின் காலும் இருப்பதால் நம் வரிகளுக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். எழுத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும்.

பெயருக்கான கட்டத்தையும் பாருங்கள். வாங்கிய தீமில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். இரண்டும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரமும் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் இனிஷியலும். ஓர் எழுத்தை அடித்தால் "குறைந்தது மூன்று எழுத்து வேண்டும்" என்று திட்டும் படிவங்களை நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். "பெயர்" என்று ஒரே பெட்டி போடுங்கள். தன் பெயரையே தப்பு என்று ஒரு தளம் சொல்லும்போது ஒருவருக்கு ஏற்படும் சங்கடம் சின்னதல்ல.

8. ஆசைக்கு மறுப்புச் சொல்லாதீர்கள், வரைந்து காட்டுங்கள்.

பம்ப் கம்பெனி முதலாளி முகப்பில் கேட்டவை: ஐந்து படங்கள் ஓடும் சிலைடர், நிறுவனர் படத்துடன் வரலாறு, விருதுகள், எல்லா மாடல்களும், ஊர்வாரியாக டீலர் பட்டியல், கண்காட்சிப் படங்கள். அவர் பெருமைப்படுவதற்குக் காரணம் இருந்தது. ஒரு சின்ன லேத்திலிருந்து தொடங்கிய குடும்பம். அந்தப் பெருமையை மதிக்காமல் பேசினால் அந்த அறையில் உங்களுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

கேட்ட அனைத்தையும் கேட்ட வரிசையிலேயே போன் அகலத்தில் வரைந்து, பட்டை பட்டையாக வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, மீட்டிங் மேசையில் விரித்தோம். சர்வீஸ் நம்பர் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கியது. பெரியவர் எழுந்து வந்து அந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுக்கு இவ்வளவு தூரம் தள்ளிட்டுப் போகணுமா?" என்று மகனைக் கேட்டார். பிறகு அவரே கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். நிறுவனர் வரலாறு தனிப் பக்கமாகப் போனது. அங்கே அதற்கு நல்ல இடமும் கிடைத்தது.

சிலைடரைப் பற்றிக் கையில் ஒரு விவரம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013 வாக்கில் அளந்து வெளியிட்டதன்படி, முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேரே அதைக் கிளிக் செய்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் முதல் படத்தை மட்டும். இதைச் சொல்லியும் அவர் விரும்பினால் ஒரே ஒரு படமாக நிறுத்தி வையுங்கள். எது முதல் படம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவரிடம் போகும், அதுவே பாதி வெற்றி.

9. நாள் குறைந்தால் பக்கங்களைக் குறையுங்கள், திரைகளைக் குறைக்காதீர்கள்.

நாற்பது பக்கத் தளத்தில் வெவ்வேறு அமைப்பு ஐந்தோ ஆறோதான் இருக்கும். ஒவ்வொரு மாடலின் பக்கமும் ஒரே அச்சு. அந்த ஐந்தை மட்டும் வரையுங்கள். ஆனால் அவற்றின் கெட்ட நேரங்களையும் வரைந்துவிடுங்கள். தேடியது கிடைக்காதபோது என்ன காட்டுவது? ஓ.டி.பி. வராமல் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது? மாடல் நிறுத்தப்பட்டிருந்தால் அதன் ஸ்பேர் எங்கே கிடைக்கும்? நெருக்கடியான வேலையில் முதலில் விடுபடுவது இந்தத் திரைகள்தான். இவற்றை வரையாமல் விட்டால் டெவலப்பர் அவசரத்தில் ஒரு வரி ஆங்கிலத்தை எழுதி வைத்துவிட்டுப் போவார், அதுதான் ஆண்டுக்கணக்கில் அங்கே நிற்கும்.

10. தாளோடு கடைக்குப் போங்கள்.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதினார். ஐந்து பேருக்கு நேரமில்லை என்றால் இரண்டு பேர். டீலர் கடையில் காத்திருக்கும் ஒருவரிடம் பட்டையை நீட்டி, "உங்க மோட்டாருக்கு இம்பெல்லர் வாங்கணும், எங்க தொடுவீங்க?" என்று கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். கிளையன்டிடம் "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று சொல்வதற்கும் "உங்கள் டீலர் கடையில் ஒருவர் இந்த இடத்தில் நின்றுவிட்டார்" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த மீட்டிங்கிலேயே உணர்வீர்கள்.

11. ஒவ்வொரு தாளிலும் எண்ணும் தேதியும்.

வாட்ஸாப்பில் வந்த "ஓகே சார்" எந்த வரைவுக்கு என்று பத்து நாள் கழித்து யாருக்கும் தெரியாது. எண்ணைக் குறிப்பிட்டு, என்ன முடிவானது என்று இரண்டு வரி மெயில் அனுப்புங்கள். முதல் நாள் எழுதிய நிபந்தனைப் பட்டியலையும் கூடவே இணையுங்கள். புதிதாக ஒன்று சேர்ந்தால் அதே பட்டியலில் ஏறட்டும், அதற்கான நாளும் கூலியும் அங்கேயே பேசப்படட்டும். வயர்ஃப்ரேமுக்குத் தனிக் கட்டணம் எழுதுங்கள். இலவசமாகக் கொடுத்த தாளை யாரும் கவனமாகப் படிப்பதில்லை.

12. தளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளப் போகிறவரைச் சந்தியுங்கள்.

பெரும்பாலும் அவர் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கும் ஒரு தங்கை. பில் போடும் வேலைக்கு நடுவில் புது மாடலை ஏற்ற வேண்டியவர் அவர்தான். அவர் கையில் இருக்கும் படங்கள் குடோனில் அட்டைப்பெட்டி மேல் பம்பை வைத்து போனை நேராகப் பிடித்து எடுத்தவை. நீங்கள் படுக்கைவாட்டில் ஆறு பெரிய படக் கட்டம் வரைந்துவிட்டுப் போனால் ஒவ்வொரு பம்பின் தலையும் வெட்டுப்படும். அவர் எப்படிப் படம் எடுக்கிறார், யார் விவரம் தருகிறார், வாரத்தில் எவ்வளவு நேரம் இதற்குக் கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்டபோது, "படம் ஒண்ணு போதும் சார், ஆனா பார்ட்ஸ் லிஸ்ட் பி.டி.எஃப்.பை ஏத்த ஒரு இடம் கொடுங்க, அதத்தான் தினமும் போன் பண்ணிக் கேக்கறாங்க" என்றார். மாடல் பக்கத்தில் மூன்று படக் கட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "உதிரிபாகப் பட்டியல்" என்று ஒரு பட்டன் வரைந்தோம்.